படியும் படமும்: காட்சியகங்களிலும் பூங்காக்களிலும் நிழற்படக் கட்டுப்பாட்டின் வரலாறு

‘படி’ என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. அவற்றுள் ஒன்று, மூலத்தை ஒத்ததாய் எடுக்கப்பெறும் பிறிதொன்று என்பது. ஏட்டைப் பார்த்து எழுதிய ஏடு படி. கல்வெட்டின்மேல் நனைந்த தாளை அறைந்து மை ஒற்றி எடுப்பது மைப்படி. நிழற்படத்தையும் இவ்வினத்துள் வைத்து எண்ணும் வழக்கம் நம்மிடை அத்துணை வேரூன்றவில்லை. கண்ணுக்கினிய பொருளாகவே அதனைக் கருதிப் பழகிவிட்டோம். ஆயின், காட்சியகங்களிலும் பூங்காக்களிலும் நிழற்படக் கருவிக்கு இடப்பெற்ற தடைகளின் வரலாற்றை நோக்குங்கால், அவை பெரும்பாலும் கருவியைப் பற்றியன அல்ல என்பதும், படியைப் பற்றியன என்பதும் புலனாகின்றன. படியை யார் எடுப்பது, யார் வைத்துக்கொள்வது, யார் விற்பது என்பனவே வினாக்கள். பொருளுக்கு நேரும் ஊறு என்னும் காரணம் சில தடைகளுக்கு உண்மையாகவே அடிப்படை. வேறு சிலவற்றிற்குப் போர்வை.

இதனை ஆராயப் புகுந்ததற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். சில ஆண்டுகளுக்கு முன்னர் யாம் முதுகலை மாணவர் சிலருடன் ஒரு காட்சியகத்திற்குச் சென்று, ஆங்கு முற்றத்தில் நிறுத்தப்பெற்றிருந்த நடுகல் ஒன்றின் எழுத்தைப் படமெடுக்க முயன்றோம். காவலர் சுவரிலிருந்த அறிவிப்பைக் காட்டித் தடுத்தார். அவர்மேற் குற்றமில்லை, அறிவிப்பு அவ்வாறே இருந்தது. கையால் எழுதிக்கொண்டு மீண்டோம். ஒரு மெய்யெழுத்தின்மேல் சிறு குழி ஒன்று இருந்தது. அது புள்ளியா, கல்லின் இயல்பான பொத்தலா என்பதை எம் குறிப்பேடு சொல்லவில்லை. பழங்கல்வெட்டுகளில் புள்ளி எப்போதும் இடப்படுவதில்லையாதலின் அக்குழி சிறு பொருளன்று.

காட்சியகமும் நிழற்படமும் கூடிய தொடக்க நாளில் தடை என்னும் பேச்சே இல்லை. நிழற்படக்காரரை அழைத்து அமர்த்தியவர்கள் காட்சியகத்தாரே. இலண்டனிலுள்ள பிரித்தானியக் காட்சியகம் 1850-களில் ரோசர் பெண்டன் என்பாரை இப்பணிக்கு அமர்த்தியது. அவர் எடுத்த முதற் படங்களுள் அசீரிய நாட்டு ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளின் படங்களும் உண்டு. அப்பலகைகளைப் படிக்க முயன்ற அறிஞருக்குப் பிழையற்ற படி வேண்டியிருந்தது. அந்நாளில் ஞாயிற்றின் ஒளியன்றி வேறொளியால் படமெடுத்தல் அரிதாகையால், கட்டடத்தின் கூரைமேல் கண்ணாடி அறையொன்று அமைக்கப்பெற்றது. எடுக்கத்தக்க பொருள்களெல்லாம் ஆங்குச் சுமந்து செல்லப்பெற்றன. அரும்பொருளை மாடிப்படி ஏற்றி இறக்கிய அக்காலத்து அச்சமின்மையை இற்றைநாட் காப்பாளர் கேட்பின் நடுங்குவர். பெண்டனின் பணி 1859-இல் முடிவுற்றது.

அதே காலத்தில் சென்னையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1856-இல் சென்னை அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்ற படைத்தலைவர் இலின்னேயசு டிரைப், 1857-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1858-இன் முற்பகுதியிலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களைச் சுற்றிவந்தார். மெழுகூட்டிய தாளில் எதிர்ப்படம் எடுப்பது அவர் முறை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக்கினார். ஒரு கல்வெட்டை வரிமுறை பிறழாமல் நிழற்படத்தால் படியெடுக்க முயன்றதற்கு இது மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. ஹுல்ஷ் என்பார் தஞ்சைக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாந் தொகுதியில் வெளியிடத் தொடங்கியது 1891-இல். டிரைப்பின் சுருள் அதற்கு 33 ஆண்டு முற்பட்டது.

டிரைப்பின் பிறிதொரு பணி நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. வால்டர் எலியட் 1845-இல் அமராவதியில் அகழ்ந்தெடுத்த சலவைக்கற் சிற்பங்கள் சென்னைக்குக் கொணரப்பெற்று, 1851-இல் தோன்றிய சென்னைக் காட்சியகத்தில் இருந்தன. 1858-இல் டிரைப் அவற்றைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டிலேயே அச்சிற்பங்களுள் மிகப்பல கப்பலேறி இலண்டனுக்குச் சென்றுவிட்டன. இன்றும் அவை பிரித்தானியக் காட்சியகத்தில் உள்ளன. எனவே, அவை சென்னையில் இருந்த நிலைக்கு அப்படங்களே கண்கூடான சான்று. மூலம் நீங்கிய பின்னர்ப் படி எஞ்சியது. 1859-இல் ஆளுநராக வந்த சார்லசு டிரெவெலியன், இந்நிழற்படப் பணி அரசுக்கு வீண்செலவெனக் கருதி அதனை நிறுத்திவிட்டார். ஓராண்டு முன்னரே அவர் வந்திருப்பின், அமராவதிப் படங்கள் நமக்குக் கிடைத்திருக்குமோ என்பது ஐயம்.

தடையின் வரலாறு விற்பனையோடு தொடங்குகின்றது. 1862-இல் இலண்டனில் நடந்த அனைத்துலகப் பொருட்காட்சியில் படமெடுக்கும் தனியுரிமையை இலண்டன் சிடீரியோசுகோப்பிக் கம்பெனி 3,000 கினிக்கு வாங்கியது. உள்ளே பிறர் கருவி வைத்தல் அவ்வுரிமைக்கு இடையூறு, ஆகவே விலக்கப்பெற்றது. இம்முறை முழுவடிவம் பெற்றதை 1893-ஆம் ஆண்டுச் சிக்காகோ உலகப் பொருட்காட்சியிற் காணலாம். கட்டடங்களோடு, பிரடெரிக்கு இலா ஓம்சுடெட்டு வகுத்த நீர்நிலைகளும் மரச்செறிவுடைய தீவும் கொண்ட பரந்த பொழிலாக அது விளங்கியது. சி. டி. ஆர்னால்டு என்பார் அதன் அலுவல்முறை நிழற்படக்காரர். வருவோர் கையிற் பிடிக்கும் சிறு கருவியைக் கொண்டுவரலாம். ஆயின் நாளொன்றுக்கு 2 டாலர் செலுத்தல் வேண்டும். கண்ணாடித் தகடு 4 அங்குலத்துக்கு 5 அங்குலம் என்னும் அளவை மிகலாகாது. முக்காலித் தாங்கி கூடவே கூடாது. பொருட்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் அரை டாலரே. ஆளுக்கு வாங்கியதைப்போல் நான்கு மடங்கு கருவிக்கு வாங்கினர்!

இவ்விதிகளுள் ஒன்றேனும் செடியையோ சிலையையோ காத்தற்பொருட்டு எழுந்ததன்று. சிறு தகட்டாற் பெரும்படம் எடுத்து விற்றல் இயலாது. தாங்கியின்றிக் கட்டடத்தின் உள்ளிருளில் நெடுநேரம் ஒளி வாங்கல் இயலாது. தொழில்முறைப் போட்டியை ஒழித்து, நினைவுக்கெனப் படமெடுப்போரிடம் பொருளும் பெறுதலே நோக்கம். கருவியின் அளவாலும் தாங்கியாலும் ‘தொழிலர்’, ‘வருகையாளர்’ என மக்களைப் பிரித்தறியும் வழக்கம் இவ்வாறு வலுப்பெற்றது. இன்றளவும் அது நீங்கவில்லை. விளைவையும் நோக்குக. ஆர்னால்டின் படங்களில் மாளிகைகள் ஓங்கி நிற்கின்றன. மக்கள் அருகியே காணப்படுகின்றனர். பெஞ்சில் அமர்ந்து சோறுண்டவரையும் களைத்து நின்ற குழந்தையையும் காண விரும்பும் வரலாற்றாசிரியர், 2 டாலர் கொடுத்தவர்களின் சிறு படங்களையே நாடல் வேண்டும்.

ஒளியைப் பற்றிய தடை பிறிதொரு வழி வந்தது. 1887-இல் செருமனியில் மக்னீசியப் பொடி கலந்த வெடிப்பொளி புனையப்பெற்றது. அது புகையும் தீப்பொறியும் கக்குவது. கூரையும் திரைச்சீலையும் உள்ள அறையில் அதனை விலக்கியது முற்றும் நேரிது. பின்னர்க் குமிழ்விளக்கும் மின்பொறி விளக்கும் வந்து புகையும் தீயும் ஒழிந்த பின்னரும் தடை நின்றது. காரணம் மட்டும் மாறி, ஓவியத்தின் வண்ணம் மங்கும் என்றாயிற்று. இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தைச் சார்ந்த டேவிட்டு சாண்டர்சு 1995-இல் இதனை ஆராய்ந்து, கூடத்தில் நாள்தோறும் எரியும் விளக்கொளியோடு ஒப்பிடுங்கால் பளிச்சொளியால் விளையும் கேடு மிகச் சிறிதென்று காட்டினார். பிறர் கண் கூசுதலும் அமைதி கெடுதலும் தடைக்குத் தக்க காரணங்களே. அவற்றை அவ்வாறே சொல்லிவிடலாம். வேதியியலை இழுக்க வேண்டுவதில்லை.

இனி நம் நாட்டு விதியைக் காண்போம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1959-இல் வகுக்கப்பெற்ற பழமைச் சின்னங்கள், தொல்பொருளிடங்கள் பற்றிய விதிகள் ‘படியெடுத்தல்’ என்பதற்கு இலக்கணம் கூறுகின்றன. வரைதல், நிழற்படம் எடுத்தல், அச்சு வார்த்தல், ஒற்றியெடுத்தல் ஆகிய நான்கும் அச்சொல்லுள் அடங்கும். 8 மில்லிமீட்டருக்கு மேற்படாத சுருளுடைய கைக்கருவியால், தாங்கியும் முன்னேற்பாடும் இன்றி எடுக்கும் அசைபடமும் படியே. அதற்கு மேற்பட்டது ‘படப்பிடிப்பு’ எனப்பட்டு உரிமம் வேண்டுவதாகின்றது. தனி ஆணையால் விலக்கப்பெறாத எச்சின்னத்தையும் எவரும் படியெடுக்கலாம். எழுத்துமூல இசைவின்றிச் செய்யலாகாதன வேறாகக் கூறப்பெறுகின்றன: தாங்கி, நாற்காலி, மேசை போல்வனவற்றைக் கொணர்தல், சாரம் கட்டுதல், நிழற்படத்தோடு ஒருங்கியைந்த பளிச்சொளி அல்லாத செயற்கை ஒளியைப் பயன்படுத்தல், நீர், எண்ணெய் முதலியவற்றைக் கல்லின்மேற் பூசுதல், நேரே ஒற்றி எடுத்தல்.

இவ்விதியின் நுட்பம் பாராட்டற்குரியது. கல்லைத் தொடுவது எது, தொடாதது எது என்பதே இதன் பெரும்பகுதிக்கு அளவுகோல். மைப்படிக்கு இசைவு வேண்டும். கைக்கருவிப் படத்துக்கு வேண்டா. பளிச்சொளியைக்கூட இது பொதுவாக விலக்கவில்லை. அசந்தா போல வண்ண ஓவியமுடைய இடங்களின் தனித்தடை வேறு. ஆயினும் தாங்கியையும் நின்றெரியும் விளக்கையும் பற்றிய கூற்று, சிக்காகோவின் முக்காலியை நினைப்பூட்டுகின்றது. வருகையாளர்க்கு அதனால் இழப்பில்லை, எழுத்தறிவோர்க்கே இழப்பு. மேலும், இவ்விதி நடுவணரசின் காப்பிலுள்ள சின்னங்களுக்கே உரியது. காட்சியகங்கள் தத்தம் நெறியை வகுத்துக்கொள்கின்றன. அந்நெறி சுவரிலுள்ள ஒரு வரியாகச் சுருங்கிவிடுதலும் உண்டு.

செருமனியில் இவ்வினா நீதிமன்றம் ஏறி, நிலவுடைமை வழக்காக முடிந்தது. நடுவண் உயர் நீதிமன்றம் 1974-இல் தேகெல் மாளிகை வழக்கில், மனைக்குள் நின்று எடுத்த படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க உடையவர்க்கு உரிமையுண்டென்றது. 1989-இல், பொதுவழியில் நின்று எடுத்த படத்தைத் தடுக்கவியலாதென்றது. போட்சுடாமில் உள்ள சான்சூசி முதலிய அரண்மனைகளையும் பூங்காக்களையும் பேணும் அறநிலையம் பொதுச்சட்ட அமைப்பு. மக்கள் தாமே எடுத்துத் தாமே வைத்துக்கொள்ளும் படத்தை அது தடுப்பதில்லை. ஆயினும், விற்பனைக்கென எடுப்போர் இசைவு பெறல் வேண்டுமென அது வழக்குத் தொடுத்தபோது, 17-12-2010-இல் அந்நீதிமன்றம் அறநிலையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. தோட்டத்தின் கனியைப் போலவே அதன் படத்தால் வரும் ஊதியமும் உடையவர்க்கு உரியதென்பது அதன் கருத்து. 20-12-2018-இல் மன்கைம் நகரக் காட்சியகம் ஒன்றின் வழக்கில், நுழைவோர் ஏற்றுக்கொண்ட படத்தடை ஒப்பந்தமாகுமென்றும் கூறியது. அவ்வழக்கிற் பேசப்பெற்ற மூலங்கள் காப்புரிமைக் காலம் கடந்த பழம்பொருள்கள். மூலம் அனைவர்க்கும் பொது. அதன் படிக்கு வாயில் ஒன்றே!

இதற்கு எதிர்த்திசையிலும் உலகம் சென்றுள்ளது. பாரிசில் ஓர்சே காட்சியகம் 2010-இல் விதித்த தடை 2015-இல் நீங்கியது. நியூயார்க்குப் பெருநகரக் காட்சியகம் 2017-இல் 3,75,000 படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்துமாறு விடுத்தது. படியைத் தானே தாராளமாக வழங்கும் காட்சியகத்துக்கு, வருவோரின் கருவி போட்டியாவதில்லை. நீண்ட கோலில் கருவியை மாட்டித் தம்மைத் தாமே எடுப்போரைப் பல காட்சியகங்கள் 2015-இல் விலக்கின. சிலைமேற் கோல் இடிக்கும் என்பது மெய்யான காரணமாகையால் அதன்கண் எமக்கு மாறுபாடில்லை.

மேற்கூறிய நடுகல்லுக்கு மீள்வோம். யாம் விண்ணப்பித்ததன்மேல் அக்காட்சியகத்தார் தம் படமொன்றை அன்போடு அனுப்பினர். நேரெதிரே விளக்கு வைத்து எடுத்த தெளிவான படம். ஆயின், நேரொளியில் கல்லின் பள்ளங்கள் நிழல் விடுவதில்லை; எழுத்தின் ஆழம் தெரியச் சாய்வொளி வேண்டும். கருவியினின்று பிரித்து ஒரு பக்கத்தே கையிற் பிடித்த பளிச்சொளி விளக்கே இதற்குப் போதும். கல்லைத் தொடவேண்டுவதில்லை; தாங்கியும் வேண்டா. காப்பாளர் முன்னிலையில் அவ்வாறு எடுத்துக்கொள்ளவும், எடுத்த படங்களின் ஒரு படியைக் காட்சியகத்துக்கே கொடுத்துவிடவும் இசைவு கேட்டு மீண்டும் எழுதியுள்ளோம். விடை வரும்வரை, எம் பதிப்பில் அம்மெய்யெழுத்தின்மேல் புள்ளியைப் பிறை அடைப்புக்குள் ஐயக்குறியோடு இட்டுவைத்துள்ளோம்.