பேராலயத்தில் ஒரு சனிக்கிழமை

சென்ற வாரம் உங்களை தோர்ணக்கலில், ஒரு புதுக் கல்லறையின் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனேன். அசரியா போய்விட்டார், சபைகளை ஒன்றாக்கும் இந்தக் காரியத்தை இனி யார் முடிப்பார்கள் என்ற கேள்வியோடு ஒரு வாரம் காத்திருந்தீர்கள்.

முதலில் அந்த வேதனையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

தரங்கம்பாடியில் 1919-ல் 33 ஊழியர்கள் கையெழுத்திட்டார்களே, நினைவிருக்கிறதா? இரண்டு பேரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள். அவர்களை முன்னின்று நடத்தியவர் வெள்ளாளன்விளை மண்ணில் பிறந்த அசரியா. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அந்த நாளிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இதே வேலை, இதே ஜெபம். 1945 ஜனவரி முதல் தேதி அவர் கண்மூடினார்.

அதே ஜனவரியில்தான் அவருடைய சபையின் பொதுப் பேரவை கூடியது. இணைப்புக்குச் சம்மதம் என்று வாக்களித்தது.

சில நாட்கள். சில நாட்களில் தவறிப்போனது.

இனி சென்னைக்கு வாருங்கள். 1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. இன்று நாம் ஜெமினி மேம்பாலத்தில் இறங்கி கதீட்ரல் ரோடு என்று போகிறோமே, அந்தச் சாலைக்குப் பேர் தந்த பரிசுத்த ஜார்ஜ் பேராலயம். வெள்ளைத் தூண்கள், வெள்ளைக் கோபுரம். உள்ளே இடம் போதாது என்று வெளியே பந்தல். தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் தமிழும் ஒரே வளாகத்தில் கேட்கின்றன. திருநெல்வேலியிலிருந்து வந்தவர் மேடக்கிலிருந்து வந்தவரிடம் ஆங்கிலத்தில் பேசிப் பார்க்கிறார். முடியாதபோது இருவரும் கைகூப்பிக்கொள்கிறார்கள் என்று கற்பனை செய்துகொண்டால் தவறில்லை.

தேசம் சுதந்திரம் பெற்று ஆறு வாரம். பஞ்சாபில் இன்னும் ரத்தம் காயவில்லை. இரண்டாகப் பிளந்த நாட்டின் ஒரு மூலையில், மூன்றாகக் கிடந்தவர்கள் ஒன்றாகப் போகிறார்கள்.

அந்த மூவரும் யார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆங்கிலிக்கன். மெதடிஸ்ட். பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் முன்பே சேர்ந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபை.

ஆனால் அன்று காலை அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களின் நெஞ்சில் என்ன இருந்தது? எனக்கு அதுதான் முக்கியம்.

பயம் இருந்தது.

ஐக்கிய சபைக்காரருக்குப் பேராயர் என்றாலே பயம். தங்கள் ஆயரைத் தாங்களே தேர்ந்து, சபைக் காரியத்தைத் தாங்களே பேசி முடித்துப் பழகியவர்கள். இனி மேலே ஒருவர் உட்கார்ந்து ஆணையிடுவாரா? ஆங்கிலிக்கனுக்கு நேர் எதிரான பயம். அப்போஸ்தலர் காலம் முதல் கைமேல் கையாக வந்த பட்டம் என்று அவர் நம்புகிறார். அந்தக் கை தலையில் படாதவர் நற்கருணை கொடுத்தால் அது நற்கருணைதானா? பாட்டி வைத்திருந்த ஜெப புத்தகம் என்ன ஆகும்? முழங்காலில் நின்று அப்பம் வாங்கிய வழக்கம் போய், பெஞ்சில் உட்கார்ந்தபடி தட்டை அடுத்தவருக்கு நகர்த்த வேண்டியிருக்குமா?

இவற்றைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஐம்பது குடும்பம் கூடும் ஒரு சபைக்கு அதுதான் வாழ்க்கை. ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் நடந்தன.

ஆகவே பேச்சுவார்த்தை நடத்தியவர்கள் ஒரு வாக்குறுதி எழுதினார்கள். மனசாட்சி இடங்கொடுக்காத ஊழியரையோ ஆராதனை முறையையோ எந்தச் சபையின் மீதும் திணிப்பதில்லை. இன்னொன்றும் எழுதினார்கள். பேராயர் கைவைக்காமல் பட்டம் பெற்ற ஆயர்களும் புதிய சபையில் ஆயர்களே. இனி பட்டம் பெறுகிறவர்களுக்கு மட்டும் பேராயரே கைவைப்பார். முப்பது ஆண்டு இப்படியே போகட்டும். அதற்குள் ஒன்றாக வளர்ந்துவிடுவோம், பிறகு பேசிக்கொள்வோம்.

முப்பது ஆண்டு நம்பிக்கை! கடனுக்கு ஈடு கேட்காமல் கொடுப்பது போன்றது அது.

இங்கிலாந்தில் இது புயலைக் கிளப்பியது. மகாகவி டி.எஸ். எலியட்கூட இந்தத் திட்டத்தை எதிர்த்து 1943-ல் ஒரு சிறு நூலே எழுதினார். இது அழித்து ஒன்றாக்குவது என்பது அவர் வாதம். எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கம், இணைப்புக்குள் போகும் பகுதிகளுக்குத் தன் பொது நிதியிலிருந்து மானியம் தர மறுத்தது. உபதேசியாரின் சம்பளமும் பள்ளிக்கூட வாத்தியாரின் சம்பளமும் அந்தப் பணத்தில்தான் வந்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று. இந்த வாசலைத் தாண்டிய கணத்தில் ஆங்கிலிக்கன்கள் உலக ஆங்கிலிக்கன் குடும்பத்துக்கு வெளியே நிற்பார்கள். அடுத்த ஆண்டு லாம்பெத்தில் கூடும் பேராயர் மாநாட்டில் இவர்களுக்கு நாற்காலி கிடையாது.

தெரிந்துதான் வந்திருந்தார்கள்.

ஆராதனை தொடங்கியது. முன்னால் நின்றவர் சென்னைப் பேராயர் மைக்கேல் ஹோலிஸ் அல்ல. இது அவருடைய பேராலயம், அவருடைய ஊர். ஆனாலும் தலைமை ஏற்றவர் திருவிதாங்கூர் கொச்சிப் பேராயர் சி.கே. ஜேக்கப். வீட்டுக்காரரே ஒதுங்கி நின்று விருந்தாளிக்கு இடம் விட்டார். ஹோலிஸின் சுபாவம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் அவர் சென்னைப் பேராயர் பதவியையே விட்டு விலகினார். 1955-ல் டேவிட் செல்லப்பா என்ற தமிழர் அங்கே வந்தார்.

ஒவ்வொரு சபையின் பிரதிநிதியாக முன்னே வந்தார்கள். தங்கள் சபை எடுத்த தீர்மானத்தை வாசித்தார்கள். இணைப்பின் அடிப்படையும் சட்டதிட்டமும் அடங்கிய, ஊழியர்கள் கையொப்பமிட்ட பிரதியைத் திருமேசையின் மேல் வைத்தார்கள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

பிறகு ஜேக்கப் பேசினார். மூன்று சபைகளும் இன்று ஒரே சபை, அதன் பெயர் தென்னிந்தியத் திருச்சபை என்று அறிவித்தார். பேராயர்களுள்ள சபையும் பேராயர்களே இல்லாத சபைகளும் இப்படி ஒரே உடலாகச் சேர்ந்தது, பதினாறாம் நூற்றாண்டுப் பிளவுக்குப் பிறகு உலகத்தில் எங்கும் நடக்காதது. கூட்டம் எழுந்து துதிகீதம் பாடியது. தரங்கம்பாடியில் கையெழுத்திட்டவர்களில் அன்று உயிரோடிருந்தவர்களுக்கு நரைத்திருக்கும். அசரியாவின் பெயர் எத்தனை பேர் உதட்டில் வந்திருக்கும்!

ஆனால் நெருக்கடியான கட்டம் இனிமேல்தான்.

புதிய சபைக்குப் பதினான்கு பேராயங்கள். அவற்றுக்கு ஒன்பது புதிய பேராயர்கள் அன்றே அபிஷேகம் பெற வேண்டும். அந்த ஒன்பது பேரில் ஒருவரைப் பாருங்கள். வயது 37. காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து சபை மிஷனரி. பெயர் லெஸ்லி நியூபிகின். பேராயர் பதவியே வேண்டாம் என்று போராடி உருவான சபையில் பட்டம் பெற்றவர். அவரை மதுரைக்குப் பேராயராக்கத் தேர்ந்திருக்கிறார்கள். தன் முன்னோர் மறுத்த ஒன்றின் முன்னால் அவர் முழங்காலிட வேண்டும். முன்பு பெற்ற பட்டம் செல்லாது என்று அதற்கு அர்த்தமா? இல்லை என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் எடின்பரோவில் இருக்கும் நண்பர்கள் அப்படி நினைப்பார்களா?

அந்தப் பேராலயத்துக்குள் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. சான்ட்ரி என்ற ஆங்கிலச் சிற்பி செதுக்கியது. திருச்சியில் மறைந்த பேராயர் ஹீபர் நின்றுகொண்டிருக்கிறார். அவர் முன்னே இந்தியர் இருவர் முழங்காலிட்டிருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேலாக அந்த ஆலயம் பார்த்த காட்சி அதுதான். வெள்ளைக் கை மேலே, கறுத்த தலை கீழே.

நியூபிகின் முழங்காலிட்டார்.

மலையாளத்துப் பேராயர் சி.கே. ஜேக்கப்பின் கை அவர் தலைமேல் வந்தது.

ஒன்பது பேரில் இந்தியரும் உண்டு, ஆங்கிலேயரும் உண்டு. காங்கிரிகேஷனல்காரர் உண்டு, மெதடிஸ்ட் உண்டு. சுமித்ரா உண்டு, பின்னாளில் இந்தத் திருச்சபைக்கே தலைமைப் பேராயரானவர். பல ஆண்டு இந்த இணைப்புக்காக உழைத்த மெதடிஸ்ட் ஊழியர் ஹூப்பர் அன்று பிரசங்கித்தார். பிறகு எல்லோரும் ஒரே மேசையில் அப்பமும் ரசமும் வாங்கினார்கள். அதுவரை ஒருவர் மேசைக்கு மற்றவர் போகத் தயங்கியவர்கள்.

கதவு திறந்தது. பந்தலிலிருந்தவர்களும் உள்ளேயிருந்தவர்களும் கலந்தார்கள். இரவு ரயிலேறி ஊருக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் சபையார் முன்னால் நின்று, நாம் இப்போது யார் என்று சொல்ல வேண்டும்.

எல்லா ஊரிலும் மணி அடித்ததா?

இல்லை.

கர்னூல் சீமையில் நந்தியால் என்றோர் ஊர். சுற்றிலும் சின்னச் சின்ன ஆங்கிலிக்கன் சபைகள். எஸ்.பி.ஜி. பணத்திலும் ஜெப புத்தகத்திலும் வளர்ந்தவர்கள். சென்னையில் துதிகீதம் பாடிய அந்த நாளில் அவர்கள் எடுத்திருந்த முடிவு ஒரே சொல்தான்.

வரமாட்டோம்.

இதில் நெஞ்சைக் குத்துவது எது தெரியுமா? நந்தியால் இருந்தது தோர்ணக்கல் பேராயத்தில். இருபத்தைந்து ஆண்டு இணைப்புக்காகத் தன்னைத் தேய்த்துக்கொண்ட அசரியாவின் சொந்தப் பேராயத்தில். அவர் கை பட்டு உறுதிப்படுத்தப்பட்ட ஜனங்கள். அவர் பிள்ளைகள்போல் பார்த்த மந்தை.

அவர்கள் ஏன் மறுத்தார்கள்? அவர்களைப் பிடித்து வைத்தது பணமா, பக்தியா? சுற்றிலும் எல்லோரும் போய்விட, தனித்து நின்ற அந்தச் சிறிய சபை எத்தனை காலம் தாங்கியது?

அடுத்த வாரம் நந்தியாலுக்குப் போவோம்.

(தொடரும்)