மிரர்லெஸ் கமரா வாங்குமுன்: லென்ஸிலிருந்து யோசிப்போம்

ஊடகக் கற்கையை முடித்துவிட்டுச் சுயாதீனமாக இயங்கத் தொடங்கும் இளையவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "என்ன கமரா வாங்கலாம்?" என்பதுதான். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் காசும் மிஞ்சும், படமும் உருப்படும். எதைப் படமெடுக்கப் போகிறோம், அதற்கு எந்த லென்ஸ் வேண்டும், அந்த லென்ஸ் எந்தக் கமராவில் பொருந்தும் என்ற வரிசையில் யோசிக்க வேண்டும். கமரா ஐந்தாறு வருடத்தில் பழைய மொடலாகிவிடும். நல்ல லென்ஸ் கவனமாக வைத்திருந்தால் பதினைந்து வருடமும் உழைக்கும்.

இலங்கையில் இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது 200 ரூபாவளவில் இருந்த டொலர், அடுத்த இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. கமரா முழுக்க முழுக்க இறக்குமதிப் பொருள். ஒரு செய்திக்கோ கட்டுரைக்கோ கிடைக்கும் கொடுப்பனவு அந்த வேகத்தில் ஏறவில்லை. எனவே பிழையாக ஒன்றை வாங்கிவிட்டு அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி இங்கு பெரும்பாலானோருக்குக் கிடையாது.

கண்ணாடி போனதால் மாறியவை

டிஎஸ்எல்ஆர் கமராவில் லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு சாய்ந்த கண்ணாடி மேலே திருப்பி, பட்டகம் ஒன்றின் ஊடாக நமது கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தும்போது கண்ணாடி எழும்பி வழிவிட, ஒளி சென்சரில் விழும். நாம் கேட்டுப் பழகிய அந்தச் 'சடக்' ஒலியில் கண்ணாடிக்கும் பெரும் பங்குண்டு. மிரர்லெஸ் கமராவில் கண்ணாடியும் இல்லை, பட்டகமும் இல்லை. சென்சரில் விழுவதை ஒரு சிறு மின்திரையில் நாம் பார்க்கிறோம். அவ்வளவுதான் அடிப்படை வேறுபாடு.

இன்று நாம் மிரர்லெஸ் என்று சொல்லும் வகை 2008 இல் பனசொனிக் லுமிக்ஸ் ஜி1 உடன் தொடங்கியது. 2013 இல் சோனி தனது ஏ7 வரிசையில் முழுச்சட்ட சென்சரைக் கொண்டுவந்தது. 2018 இல் நிக்கோனும் கெனனும் தமது இசட், ஆர் வரிசைகளுடன் பின்னால் வந்தன. அதன் பிறகு இரு நிறுவனங்களின் கவனமும் புதிய பொருத்திகளுக்கே போய்விட்டது. டிஎஸ்எல்ஆர் செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கையில் நல்ல டிஎஸ்எல்ஆர் இருப்பவர் அதை விற்க அவசரப்படத் தேவையில்லை. புதிதாகக் காசு போடுபவர் மட்டும் மிரர்லெஸ் பக்கம் பார்ப்பது நல்லது.

புதிதாகப் பழகுபவருக்கு மிகப் பெரிய நன்மை, படம் எவ்வளவு வெளிச்சமாக அல்லது இருட்டாக வரும் என்பதைப் பொத்தானை அழுத்துமுன்னரே பார்க்க முடிவது. ஷட்டர் வேகம், அப்பச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் மாற்ற மாற்ற, திரையில் படமும் மாறும். டிஎஸ்எல்ஆரில் பல மாதங்கள் எடுத்துக் கற்றதை இதில் சில வாரங்களில் கைக்குக் கொண்டுவரலாம். கண்ணைத் தேடிப் பிடித்துக் கூர்மைப்படுத்தும் ஓட்டோ போகஸும் அப்படித்தான். முகம் பேசிக்கொண்டே அசைந்தாலும் போகஸ் கண்ணிலேயே நிற்கும்.

அடுத்தது மௌனம். காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய போராட்டங்களைப் படமெடுத்தவர்களுக்கு இது புரியும். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் பேசும்போது, ஒவ்வொரு 'சடக்'கும் அவருடைய பேச்சை வெட்டும். மின்னணு ஷட்டரில் ஒலியே இல்லை. ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. பெரும்பாலான கமராக்களின் சென்சர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால், வேகமாக அசையும் பொருள் வளைந்து தெரியும். வீசப்படும் கிரிக்கெட் மட்டை வாழைப்பழம் போல வரும். மற்றையது, மண்டபங்களின் எல்.ஈ.டி, ரியூப் விளக்குகளின் கீழ் படத்தில் கறுப்புப் பட்டிகள் விழும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விளக்கு செக்கனுக்கு 100 தடவை ஒளிர்ந்து மங்குகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 செக்கனில் வைத்தால் பெரும்பாலும் பட்டி மறையும். காணொளிக்கும் இதே கணக்கு: செக்கனுக்கு 25 சட்டங்கள், ஷட்டர் 1/50. பெட்டியிலிருந்து எடுத்ததும் கமராவின் காணொளி அமைப்பு 'என்ரிஎஸ்சி' என்று இருந்தால் 'பால்' என்று மாற்றிவிடுங்கள்.

மிரர்லெஸ்ஸின் பெரிய பலவீனம் பற்றரி. சென்சரும் திரையும் எந்நேரமும் இயங்குவதால், ஆயிரம் படம் தாங்கிய டிஎஸ்எல்ஆர் பற்றரியைப் பழகியவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். உதாரணமாக சோனி ஏ6400 இன் உத்தியோகபூர்வ அளவீடு, ஒரு பற்றரிக்கு ஏறத்தாழ 400 படங்கள். மேலதிகப் பற்றரி ஒன்றைக் கமராவின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். நாள் முழுக்க வெளியில் நிற்பவர்களுக்கு, பவர் பேங்கிலிருந்து யூஎஸ்பி மூலம் சார்ஜ் ஏற்றும் வசதி மெகாபிக்சலை விட முக்கியம்.

சென்சரின் அளவு

சந்தையில் பரவலாக உள்ளவை மூன்று அளவுகள். முழுச்சட்டம் 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ (கெனனில் சற்றுச் சிறியது). மைக்ரோ போர் தேர்ட்ஸ் 17.3க்கு 13 மி.மீ. சென்சர் சிறிதானால் அதே லென்ஸ் ஒடுங்கிய காட்சியைத் தரும். ஏபிஎஸ்-சியில் 1.5 ஆல், கெனனில் 1.6 ஆல், மைக்ரோ போர் தேர்ட்ஸில் 2 ஆல் பெருக்க வேண்டும். ஏபிஎஸ்-சியில் 35 மி.மீ லென்ஸ், முழுச்சட்டத்தில் 50 மி.மீ போல் தெரிவது இதனால்தான்.

தொடங்குபவருக்கு ஏபிஎஸ்-சி போதும் என்பது எனது கருத்து. கெனன் ஆர்50, நிக்கோன் இசட்50, சோனி ஏ6400 எல்லாம் இந்த வகை. மூன்றும் 20 மெகாபிக்சலுக்கு மேல் தருபவை. செய்தித் தளத்துக்கும் பத்திரிகைக்கும் அது தாராளம். முழுச்சட்டம் இருட்டில் நன்றாக வேலை செய்யும், உண்மை. ஆனால் அதன் லென்ஸ்களின் விலையும் பாரமும் வேறு. முழுச்சட்டக் கமராவை வாங்கிவிட்டு லென்ஸுக்குக் காசில்லாமல் நிற்பதை விட, ஏபிஎஸ்-சியும் இரண்டு நல்ல லென்ஸும் மேல்.

லென்ஸ் என்ற பெரிய முடிவு

கமராவுடன் சேர்த்துத் தரப்படும் 16-50 அல்லது 18-45 மி.மீ லென்ஸை ஏளனம் செய்வது ஒரு வழக்கமாகிவிட்டது. பகல் வெளிச்சத்தில் அது நல்ல வேலைக்காரன். ஊடகச் சந்திப்பு, வயல், சந்தை, வீதி எல்லாவற்றுக்கும் போதும். அதன் இயலாமை ஆறு மணிக்குப் பிறகுதான் வெளியே வரும். முள்ளிவாய்க்காலில் மே 18 அன்று ஏற்றப்படும் சுடரைப் பகலில் எடுத்துவிடலாம். மாவீரர் நாள் சுடர் ஏற்றப்படுவது மாலை 6.05க்குப் பிறகு, நவம்பர் மாத மழை இருட்டில். அங்கே இந்த லென்ஸ் தடுமாறும்.

ஏன் என்பதற்கு அப்பச்சர் எண்ணைப் பார்க்க வேண்டும். எண் சிறிதானால் துவாரம் பெரிது. ஒளியின் அளவு அந்த எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். எஃப் 5.6 உடன் ஒப்பிட்டால் எஃப் 2.8 நான்கு மடங்கும் எஃப் 1.8 ஏறத்தாழ பத்து மடங்கும் ஒளியை உள்ளே விடும். அதாவது கிட் லென்ஸில் 1/25 செக்கன் வைக்க வேண்டிய இடத்தில், எஃப் 1.8 லென்ஸில் 1/250 வைக்கலாம். 1/25 இல் நடக்கும் மனிதர் கலங்கிப் போவார். 1/250 இல் முகம் தெளிவாக நிற்கும். கமராவுக்குள்ளோ லென்ஸிலோ உள்ள அதிர்வுத் தடுப்பு நமது கை நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும். எதிரில் இருப்பவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆகவே கிட் லென்ஸுக்கு அடுத்ததாக வாங்க வேண்டியது சூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸ். சிக்மாவின் 30 மி.மீ எஃப் 1.4, சோனியின் 35 மி.மீ எஃப் 1.8, நிக்கோனின் 24 மி.மீ எஃப் 1.7, கெனனின் 50 மி.மீ எஃப் 1.8 ஆகியவை இந்த இடத்துக்குப் பொருந்துபவை. கடைசியாகச் சொன்னது விலை குறைந்தது, ஆனால் ஆர்50 போன்ற கமராவில் 80 மி.மீ போல் ஆகிவிடும். ஒருவரின் முகத்துக்கு அழகு. சிறிய வீட்டு அறைக்குள் முதுகு சுவரில் முட்டும்.

இங்கே தொழில்நுட்பத்துக்கு அப்பால் ஒரு விடயம் இருக்கிறது. சூம் இல்லாத 30 அல்லது 35 மி.மீ லென்ஸில் ஒருவரைப் படமெடுக்க, அவரிடமிருந்து இரண்டு மூன்று அடி தூரத்துக்குப் போக வேண்டும். போனால் பேச வேண்டும், கேட்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். 200 மி.மீ லென்ஸில் வீதியின் அந்தப் பக்கத்திலிருந்தே அவர் அழுவதை எடுத்துவிடலாம், அவருக்குத் தெரியாமலே. இரண்டும் 'நல்ல படம்' ஆகலாம். எது அவருக்கு நியாயமான படம் என்பதை லென்ஸ் வாங்கும்போதே பாதி தீர்மானித்துவிடுகிறோம்.

தொலைநோக்கி லென்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொலிஸ் தடுப்புக்கு அப்பால் நிறுத்தப்பட்டால், விளையாட்டுப் போட்டி என்றால், வங்காலைக்கு வரும் பூநாரைகளை எடுக்கப் போனால் அது இல்லாமல் முடியாது. 50-250 அல்லது 55-210 மி.மீ வகைகள் தொடங்கப் போதும். வெள்ளம் புகுந்த வீட்டின் உள்ளே எடுக்க 16 மி.மீ அளவில் அகன்ற கோணம் உதவும். அகன்ற கோணத்தில் மனிதர்களைச் சட்டத்தின் ஓரத்தில் வைக்காதீர்கள், முகம் இழுபட்டுவிடும். கையில் ஒரே ஒரு நல்ல சூமுக்குக் காசு இருந்தால், சிக்மா 18-50 எஃப் 2.8 அல்லது டாம்ரோன் 17-70 எஃப் 2.8. ஒன்று மிகச் சிறியது, மற்றையதில் அதிர்வுத் தடுப்பு உண்டு.

பாவித்ததை வாங்கும்போது

பாவித்த கமரா, லென்ஸ் வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. சிக்கல் பொருத்தியில் இருக்கிறது. கெனன் எம்50 மலிவாகக் கிடைக்கும், நல்ல கமராவும்கூட. ஆனால் அதன் ஈஎஃப்-எம் பொருத்தியைக் கெனன் கைவிட்டுவிட்டது. அந்த லென்ஸ்கள் புதிய ஆர் வரிசையில் பொருந்தா. சாம்சுங் என்எக்ஸ், நிக்கோன் 1 ஆகியவையும் முட்டுச்சந்துகள்தான்.

மாறாக, கெனன் டிஎஸ்எல்ஆரின் ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் மூலம் ஆர் வரிசையில் ஓட்டோ போகஸுடன் வேலை செய்யும். நிக்கோனில் கவனம் தேவை. ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் எஃப்டிசட் அடாப்டரில் ஒழுங்காக இயங்கும். பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு உள்ளே மோட்டார் இல்லை, அடாப்டரிலும் இல்லை, கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். கெனன் ஆர் பொருத்திக்கு வேறு நிறுவனங்களின் ஓட்டோ போகஸ் லென்ஸ்கள் நீண்டகாலம் வரவில்லை. 2024 இலிருந்துதான் சிக்மாவும் டாம்ரோனும் ஏபிஎஸ்-சிக்கு வெளியிடத் தொடங்கின. சோனியின் ஈ பொருத்திக்குத் தெரிவுகள் அதிகம், பாவித்தவையும் அதிகம்.

வாங்குமுன் அப்பச்சரை எஃப் 16 இல் வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சரில் தூசியோ கீறலோ இருந்தால் புள்ளியாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம். அசையாத நேர்கோடோ, நிறம் மாறிய புள்ளிகளின் வரிசையோ இருந்தால் விட்டுவிடுங்கள். இசை நிகழ்ச்சிகளின் லேசர் ஒளி நேரே விழுந்தாலும் சென்சர் இப்படிப் பழுதாகும். லென்ஸைக் கழற்றி, பின்புறமிருந்து கைபேசி டோர்ச்சை அடித்து முன்புறமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

கார்டும் கோப்பும்

தொடக்க நிலைக் கமராக்களில் கார்டுக்கு ஒரே இடம்தான். ஒரு பெரிய கார்டை விட இரண்டு நடுத்தரக் கார்டுகள் பாதுகாப்பு. களத்திலிருந்தே வைபை மூலம் முக்கியமான படங்களைக் கைபேசிக்கு மாற்றிவிடுங்கள். கார்டிலிருந்து படம் அழிந்துபோனால் அல்லது அழிக்க வைக்கப்பட்டால், அந்தக் கார்டில் அதன் பிறகு எதையும் பதியாதீர்கள். புதிதாக எதுவும் எழுதப்படாதவரை மீட்பு மென்பொருள் மூலம் பெரும்பாலும் திரும்ப எடுக்கலாம். ஜேபெக் உடன் றோ கோப்பையும் சேர்த்துப் பதிவது நல்லது. படம் திருத்தப்பட்டது என்று எவராவது கிளப்பினால் காட்டுவதற்கு மூலம் இருக்கும்.

கமராவின் கைபேசிச் செயலி, கேட்காமலே படத்துக்குள் இருப்பிடத்தைப் பதியும் வாய்ப்பு உண்டு. அமைப்புகளில் அதை அணைத்து வையுங்கள். பெயர் வெளியிட விரும்பாத ஒருவரின் வீட்டு முற்றத்தில் எடுத்த படத்துக்குள் அந்த முற்றத்தின் ஆள்கூறு இருந்தால், முகத்தை மறைத்து என்ன பயன்?

பராமரிப்பில் முதல் எதிரி ஈரப்பதன். கரையோரத்தில் வாழ்பவர்கள் கமராவைத் தோல் பையிலோ துணிப் பையிலோ மாதக்கணக்கில் மூடி வைக்கக்கூடாது, பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஈரப்பதனை 40 முதல் 50 வீதத்தில் வைத்திருக்கும் மின் பெட்டிகள் விற்கின்றன. அது இயலாதவர்களுக்கு, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பத மானியும் போதும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கினால், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறியதும் சட்டியில் மெதுவாக வறுத்து மீண்டும் பாவிக்கலாம். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கவேண்டாம்.