ஸ்டெம்செல் மாற்றுக்கு முன் எஞ்சிய நோய்

கீமோ முடிந்து, நுண்ணோக்கியில் எலும்பு மஜ்ஜை சுத்தமாகத் தெரிந்த பின்பும் ஒளிந்திருக்கும் ரத்தப் புற்றணுக்களே எஞ்சிய நோய், மருத்துவமனைகளில் ‘எம்.ஆர்.டி.’ என்பார்கள். மஜ்ஜையில் பிளாஸ்ட் எனும் முதிராத அணுக்கள் 5 சதவீதத்துக்குக் கீழே வந்தாலே நோய் தணிந்தது என்பது பழைய கணக்கு, சற்றுத் தாராளமானது. ஃப்ளோ சைட்டோமெட்ரி எனும் பரிசோதனை 10,000 அணுக்களில் ஒன்றையும் பிடித்துவிடும். இடுப்பெலும்பில் ஊசியிட்டு முதலில் உறிஞ்சும் சில மில்லிலிட்டரே இதற்கு உகந்தது. அடுத்தடுத்து இழுத்தால் ரத்தம் கலந்து எண்ணிக்கை பொய்யாகக் குறையும். மாற்றுக்கு முன் முடிவு பாசிட்டிவ் என்றால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். அதற்காக மாற்று வீண் என்றாகாது. லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றில் பிளினாடுமோமாப் மருந்து கொடுத்து எச்சத்தைக் குறைத்துப் பார்ப்பதுண்டு, விலைதான் தடை. தூரமும் ஒரு தடைதான். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் மஜ்ஜை மாற்று 1986இல் தொடங்கியது. தூத்துக்குடி நோயாளிக்கு வேலூர் சாலை வழியே 500 கிலோமீட்டருக்கும் அப்பால்.