குளத்தங்கரையும் அருவிக்கரையும்

வண்ணத்துப்பூச்சி பார்க்கத் தென்காசிப் பக்கம் வருகிறவர்கள் நேரே குற்றாலத்துக்குத்தான் போகிறார்கள். இலத்தூர் விலக்கில் இறங்கிக் குளத்தங்கரைக்கு நடப்பவர்கள் அரிது. இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலையை இலத்தூருக்கும் உச்சிப்பொழுதைக் குற்றால மலையடிக்கும் வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கண்ணுக்கு விருந்து மலையில் இருக்கிறது. ஒரு வண்ணத்துப்பூச்சி எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் குளத்தங்கரைக்குத்தான் போக வேண்டும்.

முதலில் பருவம். குற்றாலத்தில் மனிதர்களுக்கான சீசன் ஆனி, ஆடி. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும் அந்த நாள்களில் வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் இலைக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும். உடம்பு வெயிலில் சூடேறினால்தான் அவற்றால் பறக்க முடியும். பேரருவியில் கூட்டம் வடிந்து, மழைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்கும் புரட்டாசி, ஐப்பசியில் போனால் ஐந்தருவிச் சாலையோரமே போதும். இலத்தூருக்கும் அதுவே நல்ல சமயம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கரையில் பூண்டுகள் தழைத்துவிடும்.

குளத்தங்கரையில் எருக்கஞ்செடியில் தொடங்கலாம். இலையைத் திருப்பிப் பார்த்தால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள், முதுகில் மூன்று சோடிக் கறுப்புக் கொம்புகள். சற்று நேரம் குனிந்தே இருந்தால் அதன் வேலை தெரியும். இலையைத் தின்பதற்கு முன் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடுகிறது. பால் வடிந்து முடிந்த பிறகுதான் நிதானமாக மேய்கிறது. அப்படியும் உள்ளே போகும் நஞ்சு உடம்பில் தங்கி, சிறகு முளைத்த பிறகும் காவலாக இருக்கிறது. ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை அந்தச் செம்மஞ்சள் நிறத்தை மறுபடி நெருங்காது.

அந்தப் பயத்தை நம்பிப் பிழைக்கும் இன்னொரு வண்ணத்துப்பூச்சியும் இதே கரையில் பறக்கிறது. ஆங்கிலத்தில் டனாய்டு எக்ஃப்ளை என்பார்கள். அதன் பெண், வெந்தய வரியனை அச்சாகப் பெயர்த்து வைத்ததுபோல் இருக்கும், நஞ்சு கிடையாது. ஆணோ கறுப்புச் சிறகில் வெள்ளை வட்டங்களோடு வேறு சாதிபோலத் தோன்றும். இதன் புழு தரையோடு படரும் கோழிப்பசலையைத் தின்று வளர்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலியை வைத்த முதல் அட்டவணையிலேயே இந்த வண்ணத்துப்பூச்சியும் இடம்பெற்றிருந்தது. அதன் உணவுச் செடி, வயலில் களை என்று நாம் பிடுங்கிப் போடுவது.

அதே அட்டவணையில் இருந்த இன்னொன்று கிரிம்சன் ரோஸ். சிவந்த உடல், கறுப்புச் சிறகு, பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள். அதன் புழுவுக்கு ஆடுதின்னாப்பாளை வேண்டும், இல்லையென்றால் ஈஸ்வரமூலி. கரையில் உட்கார்ந்து ஆடுதின்னாப்பாளையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், "என்னய்யா தேடுதிய? அத ஆடே தின்னாதுய்யா" என்றார். புழுவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மலையடியில் கண் கீழே போவதில்லை, அண்ணாந்தே இருக்கும். சதர்ன் பேர்ட்விங் மரத்தலைக்கு மேல் சிறகை அதிகம் அடிக்காமல் மிதந்து வரும். முன்சிறகு கறுப்பு, பின்சிறகு பொன் மஞ்சள். இந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி என்ற பெயர் 1932 முதல் அதற்குத்தான் இருந்தது. அன்று அளந்த சிறகு விரிவு 190 மில்லிமீட்டர். 2020-இல் இமயமலைப் பகுதியின் கோல்டன் பேர்ட்விங் பெண் ஒன்று 194 மில்லிமீட்டர் காட்டி அந்த இடத்தைப் பிடித்தது. நான்கு மில்லிமீட்டரில் என்ன போயிற்று! சதர்ன் பேர்ட்விங் உண்ணிப்பூவில் இறங்கித் தேன் குடிக்கும்போது பூங்கொத்தே சாய்வதைப் பார்த்தவர்கள் அளவுகோலைத் தேட மாட்டார்கள். உண்ணிச்செடி தேன் தருமே தவிர, இதன் புழுவுக்கு அந்த இலை ஆகாது. அதற்குத் தேவை ஈஸ்வரமூலிக் குடும்பத்துக் கொடிகள். குளத்தங்கரைக் கிரிம்சன் ரோஸும் மலையடிப் பேர்ட்விங்கும் ஒரே குடும்பத்துச் செடிகளின் நஞ்சை உண்டு வளர்ந்தவை.

2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன்தான். அதன் புழு நீரடிமுத்து மரத்து இலையை உண்கிறது. அந்த மரத்தின் எண்ணெய்தான் ஒரு காலத்தில் தொழுநோய்க்கு மருந்து. மரம் காட்டோடையோரம் நிற்பதால் மறவனைத் தேடி இலத்தூர்க் கரையில் காத்திருப்பதில் பயனில்லை.

மலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஓடையோர ஈரமணல். நீலப்பட்டை போட்ட புளூபாட்டில்கள் வரிசையாக அமர்ந்து உறிஞ்சும். பெரும்பாலும் ஆண்கள்தான். மணலில் ஊறியிருக்கும் உப்பைத் தேடி வருகின்றன. அந்த உப்பு இணைசேரும்போது பெண்ணுக்குப் போய், முட்டைக்கும் சேர்கிறது. ஆனால் இவற்றின் முட்டையையும் புழுவையும் பார்க்க வேண்டுமென்றால் மலையில் வழியில்லை. அவை எட்டாத உயரத்துக் கிளைகளில் இருக்கின்றன. உள்ளே செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் போக வனத்துறையின் கட்டுப்பாடும் உண்டு. அந்தக் கட்டுப்பாடு இருக்கத்தான் வேண்டும். காடு காடாக நிற்பது அதனால்தான்.

குளத்தங்கரைக்கு அப்படிக் காவல் எதுவும் இல்லை. கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று எருக்கு, பாளை, தேள்கொடுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்தெடுத்துவிடுகிறார்கள். கரை பலமாக இருக்க வேண்டும், மறுப்பதற்கில்லை. வேர் விட்டு மண்ணைப் பெயர்க்கும் மரக்கன்றையும் சீமைக்கருவேலத்தையும் எடுக்கட்டும். முழங்கால் உயரப் பூண்டுகள் கரையை உடைப்பதில்லை.

ஐப்பசியில் அந்தத் தேள்கொடுக்கின் அருமை தெரியும். வாடிய செடியில் நீல வரியனும் கருநீல வரியனும் கொத்துக்கொத்தாகத் தொங்கும். தேனுக்காக வந்தவை அல்ல. காய்ந்த தண்டில் கசியும் ஒரு வகைக் காரச்சத்தை உறிஞ்ச வந்த ஆண்கள். பெண்ணைக் கவரும் மணத்தை அதிலிருந்துதான் உண்டாக்கிக்கொள்கின்றன. கிலுகிலுப்பைச் செடியிலும் இதே காட்சி. இந்த வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும் வடகிழக்கு மழையோடு சமவெளியிலிருந்தும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் மேற்கு மலைக்கு வலசை போகிறவை. காலையில் இலத்தூரில் மேற்கு நோக்கிப் பறந்தவற்றின் கூட்டத்தாரை மாலைக்குள் மலையடி நிழலில், கிளை தெரியாமல் மொய்த்திருக்கக் காணலாம். அப்போது இரண்டு இடங்களையும் தனித்தனியாக ஒப்பிடுவதே கடினமாகிவிடுகிறது.

சித்திரை, வைகாசியில் தென்மேற்குக் காற்று தொடங்கும்போது இதே இனங்கள் எதிர்த்திசையில் கிழக்கே இறங்குகின்றன. நீல வரியனின் பெண், முட்டையிடச் சமவெளியின் வேலிகளில் கொடிப்பாலையைத் தேடும். வேலிகள் கம்பிவேலிகளாக மாறிவரும் ஊர்களில் அந்தக் கொடி இன்னும் எங்கெங்கே மிஞ்சியிருக்கிறது என்பதை, இலத்தூரிலிருந்தே, பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் குறிக்கத் தொடங்கலாம்.