உதட்டுப் பிளவு அறுவை சிகிச்சை

பிறவியிலேயே பிளந்திருக்கும் மேலுதட்டைச் சேர்த்துத் தைக்கும் சிகிச்சை. கருவின் முகப்பகுதிகள் முதல் மூன்று மாதங்களுக்குள் ஒன்றுசேராமல் போவதே பிளவுக்குக் காரணம். கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததால் வந்தது என்பது வெறும் நம்பிக்கை.

குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது இது வழக்கமாகச் செய்யப்படுகிறது. வயது 10 வாரம், எடை 10 பவுண்டு (சுமார் நாலரை கிலோ), ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10 கிராம் என்பது மருத்துவர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் அளவுகோல். உண்மையில் பெற்றோருக்குக் கடினமான வேலை இந்த எடையை எட்டவைப்பதுதான். அண்ணமும் பிளந்திருந்தால் குழந்தையால் மார்பில் உறிஞ்ச முடியாது. பால் மூக்கு வழியே வரும். அப்போது தாய்ப்பாலைக் கறந்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். இடையிடையே முதுகில் தட்டி ஏப்பம் விடச் செய்வதும் அவசியம்.

இந்தியாவில் 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தில் இக்குறைபாடு சேர்க்கப்பட்டுள்ளது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் வழியாக அறுவைக்குப் பரிந்துரை கிடைக்கும். ஸ்மைல் டிரெயின் தொண்டு அமைப்பின் கூட்டு மருத்துவமனைகளிலும் கட்டணமில்லை.

முழு மயக்கத்தில் நடக்கும் அறுவையில் தோலுடன் உள்ளிருக்கும் தசையும் இணைக்கப்படுகிறது. ரால்ஃப் மில்லார்டு 1950களில் வகுத்த முறை இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. சளி, காய்ச்சல் இருந்தால் தேதி தள்ளிப்போகும். அண்ணப் பிளவுக்குத் தனி அறுவை, பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள். பேச்சுப் பயிற்சியும் பல் சீரமைப்பும் பின்னர் தேவைப்படலாம்.