"மனிதர் மீது சோதிக்க முடியாது": எப்போதிலிருந்து?

மருந்துகளை விலங்குகள் மீது சோதிக்கலாமா என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால், நம் மாணவர்களில் பலர் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவார்கள்: "மனிதர் மீது சோதிக்க முடியாது, ஆகவே விலங்குகளைப் பயன்படுத்துகிறோம்." படிக்க நியாயமாகத்தான் இருக்கு. 2010இல் மலாக்கா, ரெம்பியாவில் ஐதராபாத்தைச் சேர்ந்த விவோ பயோ டெக் நிறுவனம் பங்குபெறும் விலங்குச் சோதனைக்கூடம் ஒன்று வரவிருந்தது. விலங்குநல அமைப்புகள் எதிர்த்தபோது, அன்றைய மலாக்கா முதலமைச்சர் முகமட் அலி ருஸ்தாமும் ஏறக்குறைய இதே காரணத்தைத்தான் சொன்னார். எலியும் குரங்கும் மனிதர் நலனுக்காகப் படைக்கப்பட்டவை, மனிதர் மீது சோதனை செய்ய முடியாது என்பது அவர் வாதம்.

வரலாறு படிக்கிறவர்கள் அந்த வாக்கியத்தில் 'முடியாது' என்ற சொல்லிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். எப்போதிலிருந்து முடியாது? நம்ம நாட்டிலேயே முடிந்திருக்கிறது.

மலாயாவில் 1900ஆம் ஆண்டுகளில் பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். தமிழர்களுக்கு இந்த நோய் அபூர்வமாகவே வந்தது. சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. காரணம் இன்று நமக்குத் தெரியும்: நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் முழுவதும் போகாது. அன்று பி1 என்ற பெயரே கிடையாது. அரிசிதான் காரணம் என்று பிராடன் 1907இல் புத்தகமே எழுதினார். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்படியானால் சோதித்துப் பார்க்க வேண்டியதுதானே? சோதித்தார்கள். யார் மீது?

கோலாலம்பூர் மனநல விடுதியில் 1905இல் பெரிபெரி பரவிப் பலர் இறந்தார்கள். அங்கே டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்காரர்கள் எதிர்ப்பக்கம். ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. 1906 முடியும்வரை இது நடந்தது. பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் கால் பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, 18 பேர் செத்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் ஒருவருக்கும் அங்கே புதிதாக நோய் வரவில்லை. முடிவு 1907இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

பிளெட்சரை அரக்கனாகக் காட்டுவது எளிது, சரியும் இல்லை. இரண்டு அரிசியுமே நாட்டில் எல்லாரும் சாப்பிட்டவை. சோதனைக்கு முன்பே அங்கே ஆட்கள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர் கண்டதால் பிற்காலத்தில் பிழைத்தவர்கள் பல்லாயிரம். ஆனால் ஒரு பக்கம் ஆட்கள் விழ விழ, எதிர்ப்பக்கம் நன்றாக இருக்க இருக்க, அரிசியை மாற்றாமலே வருடம் ஓடியது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அந்த நோயாளிகள் இல்லை. மனநல விடுதியில் இருப்பவன் வேண்டாம் என்றால்தான் யார் கேட்பார்கள்?

அடுத்து வந்தவர்கள் பிரேசரும் ஸ்டான்டனும், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காரர்கள். 1907இல் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் காட்டுப் பகுதியில் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இதேபோல் இரண்டாகப் பிரித்தார்கள். இங்கே வித்தியாசம் என்னவென்றால், பச்சரிசிக் குழுவில் நோய் தலைகாட்டியதும் அரிசியை மாற்றிவிட்டார்கள். அதன்பின் தவிட்டில் எந்தப் பொருள் நோயைத் தடுக்கிறது என்று தேட அவர்கள் கோழிகளிடம் போனார்கள். வழி ஏற்கெனவே திறந்திருந்தது: பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜாகர்த்தாவில், ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற நோய் வருவதை 1890களிலேயே எழுதியிருந்தார். 1929இல் நோபல் பரிசு வாங்கியது அதற்குத்தான்.

கோழி ஏன் வசதி? கோழியைச் சாகும்வரை விடலாம். இதை மென்மையான வார்த்தையில் மூடி எழுத வேண்டாம். வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள் நின்ற இடத்தில்தான் கோழி வந்து நின்றது.

இனி நம்ம ஜொகூர். 'தம்போய்க்கு அனுப்பணும்' என்று கிண்டல் பண்ணுவோமே, அந்தத் தம்போய் மனநல மருத்துவமனை, இன்றைய பெர்மாய் மருத்துவமனை. ஜப்பானியர் காலத்தில் அது நோயாளிகளுக்கானதாக இல்லை. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 9420 பிரிவின் கிளையாக இருந்தது. பிரிவின் அதிகாரப்பூர்வப் பெயரில் நோய்த்தடுப்பும் குடிநீர்ச் சுத்திகரிப்பும் இருந்தன. வேலையோ பிளேக் பரப்பும் தெள்ளுப்பூச்சிகளை வளர்ப்பது. பின்னாளில் சிங்கப்பூர் அமைச்சரான ஒத்மான் வோக் இளைஞராக அந்தச் சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். 1991இல் அவர் பத்திரிகைக்குச் சொன்னது இது: பிடித்து வந்த எலிகளை மயக்கி, சீன, இந்திய, மலாய்ப் பையன்கள் இடுக்கியால் தெள்ளுப்பூச்சிகளை எடுப்பார்கள். ஜப்பானியர்கள் அவற்றைப் பிளேக் ஏற்றிய எலியின் மேல் விட்டுப் பெருக்குவார்கள். பிறகு குடுவைகளில் அடைத்துத் தாய்லாந்துக்கு அனுப்புவார்கள்.

இந்த வலைப்பின்னலின் தலைமைப் பிரிவு மஞ்சூரியாவில் இருந்த 731. அங்கே மனிதர்களை உயிரோடு வைத்தே சோதித்தார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கா அந்த ஆய்வுத் தகவல்களை வாங்கிக்கொண்டு, தலைவர் இஷி உட்பட முக்கியமானவர்களை விசாரணையிலிருந்து விட்டுவிட்டது.

நாஜி மருத்துவர்கள் அப்படித் தப்பவில்லை. 1947 ஆகஸ்டில் நூரம்பர்க் நீதிமன்றம் 16 பேரைக் குற்றவாளிகள் என்றது, 7 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தீர்ப்போடு வந்த பத்து விதிகளில் முதலாவது எல்லாருக்கும் தெரியும்: சோதனைக்கு உட்படுபவர் தானாக மனமுவந்து சம்மதிக்க வேண்டும். மூன்றாவதை நம் மாணவர்கள் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மனிதர் மீதான சோதனை, முன்பு விலங்குகளிடம் செய்த சோதனையின் முடிவுகளை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்கிறது அது. 'முடியாது' என்பதற்கு வயது இவ்வளவுதான். மனிதனைக் காத்த அதே தாளில் எலியின் இடமும் எழுதப்பட்டது.

ஆகவே "எல்லா விலங்குச் சோதனையையும் தடை செய்" என்று எழுதும் மாணவர் மூன்றாம் விதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு வழி இல்லாமல் இல்லை. 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் எழுதிய புத்தகம் விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்றது. "மனித நலனுக்காகத்தான்" என்று எழுதுபவர் வேறொன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்: உதட்டுச் சாயத்துக்கு இந்தக் காரணம் எப்படிப் பொருந்தும்? ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளிடம் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை 2013இல் முழுவதும் தடுத்தது. இந்தியா அழகுப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதை 2014இல் தடை செய்தது.

மலேசியாவில் ரெம்பியா சர்ச்சை எழுந்த 2010இல் இருந்தது 1953ஆம் ஆண்டின் விலங்குச் சட்டம். ஆய்வுக்கூடத்து விலங்கைப் பற்றி அதில் தெளிவான ஏற்பாடு கிடையாது. 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 1 ஜூலை 2017 முதல் அமலில் உள்ளது. ஆய்வு, சோதனை, கற்பித்தல் ஆகியவற்றுக்கு விலங்கைப் பயன்படுத்த இப்போது உரிமம் வேண்டும். கொடுமை செய்தால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பட்டியலில் 'கற்பித்தல்' என்ற சொல்லும் இருப்பதை அறிவியல் ஆசிரியர்கள் கவனித்திருப்பார்கள்.