வழி சொல்வாருக்கு ஒரு வழி

கல்லூரிப் படிப்பைப் பற்றி நம் குடும்பங்களில் நடக்கும் பேச்சை யாராவது எழுதி வைத்திருந்தால் அது நல்ல ஹாஸ்யப் புத்தகமாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் எதில் சேர்ந்தானோ அதில் சேர்; மாமா எந்த உத்தியோகத்தில் இருக்கிறாரோ அதற்குப் படி; வாங்கின மார்க்கு எதற்குப் போதுமோ அதை எடுத்துக்கொள். இந்த மூன்று சூத்திரங்களை வைத்துக்கொண்டே நாம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பி வந்திருக்கிறோம். அதில் எத்தனை பேர் கரையேறினார்கள், எத்தனை பேர் நடு ஆற்றில் நின்றுவிட்டார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. சரித்திரம் கரையேறினவர்களைப் பற்றித்தான் பேசும். அப்படிக் கரையேறின இரண்டு பேருடைய கதையை முதலில் பார்ப்போம்.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம். அங்கே 1878-ஆம் ஆண்டின் கடைசியில் கிராம முனிசீப் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. பிள்ளை ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தான். மேலே படிக்க வேண்டும் என்றபோது எங்கே அனுப்புவது? ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆனால் சேலம் 160 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. பெங்களூரோ 40 கிலோமீட்டர்தான். பையன் பெங்களூர் சென்டிரல் காலேஜில் சேர்ந்தான். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-ல்தான் தோன்றியது. அதுவரை அந்தக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தே இருந்தது. ஆகவே சமஸ்தானத்து எல்லையைத் தாண்டிய பிறகும் பையன் படிப்பின் எல்லையைத் தாண்டவில்லை. 1894-ல், பதினாறு வயது நிறையுமுன், அவன் பட்டம் பெற்றான். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்த ராஜாஜிதான் அந்தப் பையன்.

சென்டிரல் காலேஜில் அப்போது ஜான் கத்ரி டெய்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருந்தார். எடின்பரோவில் புகழ் பெற்று விளங்கிய பௌதிகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட்டின் மகன். வாலிபத்தில் தம் நாட்டுக்காக ரக்பி ஆடினவர். தொரப்பள்ளிப் பையனுக்கு ஆங்கில இலக்கியத்தில் ஏற்பட்ட பற்றுக்கு அவரும் ஒரு காரணம். அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார்? யாரும் இல்லை, அது தற்செயல். ஓசூர் பெங்களூருக்குப் பக்கத்தில் இருந்ததும் தற்செயல்.

இரண்டாவது கதை இன்னும் விசித்திரமானது. திருத்தணியில் 1888-ல் பிறந்த ராதாகிருஷ்ணன், வேலூரில் படித்துவிட்டுச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். உலகமே போற்றும் தத்துவப் பேராசிரியராகப் பிற்காலத்தில் விளங்கினாரே, அந்தத் தத்துவப் பாடத்தை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்? வேதாந்த விசாரம் அவரை அழைத்தது என்று நாம் நினைப்போம். உண்மை வேறு. குடும்பத்தில் பண வசதி இல்லை. அதே கல்லூரியில் பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தாம் படித்த தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம். ஆகவே பாடமும் முடிவாயிற்று. அந்த உறவினர் ரசாயனம் படித்திருந்தால் நம் நாட்டுச் சிந்தனையின் சரித்திரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

இரண்டு பேரும் மேதைகள்; எந்த வழியில் விட்டாலும் ஏறி வந்திருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் கல்லூரிகள் மேதைகளுக்காக மட்டும் கட்டப்படுவதில்லை. பட்டம் பெற்ற உறவினரோ, பழைய புத்தகமோ, டெய்ட்டோ இல்லாத சாதாரணப் பிள்ளைக்கு வழி சொல்ல வேண்டியவர் யார்? அவருடைய ஆசிரியர்தான். அந்த ஆசிரியருக்கு வழி சொல்லக் கற்றுக் கொடுத்தவர் யார்?

இங்கேதான் நம் சரித்திரம் ஒரு வேடிக்கையைக் காட்டுகிறது. கம்பெனி ஆட்சியில் வரி வசூலிக்க வந்த இளம் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கற்பிக்க 1812-ல் சென்னையில் ஒரு கல்லூரி ஏற்பட்டது. எல்லிஸ் துரை அதற்கு உயிராக இருந்தார். நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலை என்ற பெயர் அதன் ஞாபகம்தான். பள்ளிக்கூட வாத்தியார்களுக்குப் பயிற்சி தர 1856-ல் ஒரு போதனா முறைப் பள்ளி தொடங்கியது; அதுவே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. ஆனால் மறு ஆண்டிலேயே, 1857-ல், சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது, கல்லூரி ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எம்.ஏ. பட்டம் இருந்தால் போதும், மேடை ஏறலாம். வரி வாங்குகிறவருக்குப் பயிற்சி உண்டு. அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பவருக்கும் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க உதவுகிறவருக்கு மட்டும் இல்லை.

அன்றைய கல்லூரியில் இதனால் பெரிய சங்கடம் தெரியவில்லை என்பதும் மெய்தான். பாடத்திட்டம் ஒன்று, பரீட்சை ஒன்று, முடிந்தால் குமாஸ்தா உத்தியோகம் அல்லது வக்கீல் தொழில். கிளை பிரியாத சாலையில் கைகாட்டி மரம் எதற்கு? கடல் கடந்த நாடுகளிலும் கிளை பிரிந்த பிறகுதான் கைகாட்டி வந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் எலியட், மாணவர் தமக்கு வேண்டிய பாடங்களைத் தாமே தேர்ந்தெடுக்கலாம் என்ற முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரப்பினார். சுதந்திரம் கிடைத்ததும் மாணவர்கள் திணறினார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1870-களிலேயே மாணவருக்கு ஆலோசகர்களை ஏற்படுத்தியிருந்தது. ஹார்வர்டும் 1889-ல் புது மாணவர்களுக்கென்று ஆலோசகர் குழு அமைத்தது. ஆனால் பேராசிரியருக்கு ஆலோசகர் என்ற பட்டத்தைக் கொடுத்ததோடு பல இடங்களில் காரியம் நின்றது. மாணவன் சீட்டை நீட்டுவான். பேராசிரியர் கையெழுத்துப் போடுவார். ஆலோசனை சொல்வதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வித்தை என்று உணர்ந்து, அந்நாட்டு ஆலோசகர்கள் தேசிய அளவில் முதல் மாநாடு கூட்டியது 1977-ல்தான். 1979-ல் தங்களுக்கென்று ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டிற்குத் திரும்புவோம். சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948-ல், பல்கலைக்கழகக் கல்வியை ஆராய ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் யார் தெரியுமா? உறவினரின் பழைய புத்தகத்தால் பாடம் முடிவான அதே ராதாகிருஷ்ணன்தான். ஜாகீர் உசேன், மேகநாத் சாகா, நம் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் போன்றோர் அங்கத்தினர்கள். 1949-ல் அவர்கள் தந்த அறிக்கை, ஆசிரியர் சிறு சிறு குழுக்களாக மாணவர்களைச் சந்தித்துப் பேசும் முறை எல்லாக் கல்லூரிகளிலும் வளர வேண்டும் என்றது. மாணவர் நலனைக் கவனிக்க ஓர் ஆலோசனைக் குழுவும் வேண்டும் என்றது. தம் இளமையை நினைத்துக்கொண்டு தலைவர் அதில் கையெழுத்திட்டாரா என்பதை நாவலாசிரியன் கற்பனை செய்யலாம், சரித்திரக்காரன் செய்யக்கூடாது.

அதற்கடுத்த படி 1966-ல் வந்தது. டாக்டர் கோத்தாரி தலைமையில் அமைந்த கல்விக் கமிஷன், ஒவ்வொரு மாணவனையும் ஒரு கல்வி ஆலோசகரின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும், ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு சிறு மாணவர் குழுவுக்கு ஆலோசகராக இருக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதியது. ஆயிரம் மாணவருக்கு ஒருவராவது முழு நேர ஆலோசகராக வேண்டும் என்றது. புதிதாக வேலைக்கு வரும் கல்லூரி ஆசிரியருக்குச் சில வாரம் பயிற்சி தர வேண்டும், பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்கென்றே ஆசிரியர் கல்லூரி அமைக்கலாம் என்றும் சொன்னது. மாணவனுக்கு ஆலோசகர் வேண்டும் என்பதும், ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்பதும் ஒரே அறிக்கையில் இடம் பெற்றன. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த முடிச்சு இன்னும் இறுகவில்லை என்பதுதான் நம் விஷயம்.

பாலிடெக்னிக் ஆசிரியர்களின் பயிற்சிக்காக 1964-ல் சென்னைத் தரமணியில் ஒரு நிலையம் ஏற்பட்டது. மற்றக் கல்லூரி ஆசிரியர்கள் இன்னும் காத்திருந்தார்கள். 1986-ன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் கல்லூரிகளைத் திறந்தது. சென்னையிலும் கோவையிலும் அவை அமைந்தன. புதியவர்களுக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சி. மற்றவர்களுக்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி. வரி வசூலிப்பவர்களுக்குக் கல்லூரி வைத்து 175 ஆண்டுகள் கழித்துக் கல்லூரி ஆசிரியர்களின் முறை வந்தது!

வந்ததே, அது நல்லது. ஆனால் பதவி உயர்வுக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி கூடவே வந்தது. விதி வந்தால் சடங்கும் வரும். பயிற்சியில் பெரும் பங்கு பாட விஷயத்துக்கே போயிற்று. அழுதுகொண்டு வந்து நிற்கும் மாணவியிடம் என்ன கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதற்கு எந்தப் புத்தொளியும் போதுமான அளவு விழவில்லை. 2023-ல் இந்த நிலையங்கள் மாளவியா பெயரால் வழங்கலாயின. பெயர் மாறியது போல உள்ளமும் மாறுமா என்பதற்குக் காலம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொதுதானே, ஓசூரைப் பற்றி ஏன் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கேழ்வரகு விளைந்த அந்த மேட்டு நிலத்தில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-ல் அசோக் லேலண்டு வந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். மொபெட் அங்கிருந்து புறப்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கடிகாரமும் வந்தது. டைட்டன் கம்பெனி பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களைச் சிற்றூர்களிலிருந்து தேடி எடுத்தது. வீட்டை விட்டு முதல் முறையாக வந்த பிள்ளைகள் தவிக்காமல் இருக்க, அவர்களை வீடுகளில் தங்க வைத்து, பெற்றோர் ஸ்தானத்தில் பெரியவர்களையும் உடன் இருக்கச் செய்தது. கடிகாரம் செய்ய வந்த பிள்ளைக்குக்கூட ஒரு பெரியவரின் துணை வேண்டும் என்று ஒரு தொழிற்சாலைக்குத் தெரிந்திருந்தது!

கல்லூரிகளும் பெருகின. ஓசூரில் 1980-களின் கடைசியில் ஒரு பொறியியல் கல்லூரி வந்தது. 1994-ல் பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி தோன்றியது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. இங்கே படிக்க வருகிற பிள்ளை வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசலாம். பள்ளியில் தமிழில் படித்திருக்கலாம். கல்லூரியிலோ பாடம் ஆங்கிலத்தில். ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலை கூப்பிடுகிறது. நெடுஞ்சாலைக்கு வந்தால் பெங்களூர் கூப்பிடுகிறது. தொரப்பள்ளிப் பையனுக்கு ஒரே பாதை இருந்தது. இன்றைய பிள்ளைக்கு ஒன்பது பாதைகள். வீட்டில் அவளுக்கு முன் கல்லூரிப் படியேறினவர் ஒருவரும் இல்லை.

அவள் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தால் அது வேலையா, படிப்பா? 1961-ன் தொழில் பழகுநர் சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்பதை ஆலோசகர் அறிந்திருக்க வேண்டும். டிப்ளமா முடித்தால் பொறியியல் படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. அதை நம்பிப் படிப்பைத் தொடரும் பெண் ஒருத்தி, நடுவில் நின்றால் எதை இழப்பாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரிய வேண்டும். இரண்டு பாடத்தில் தவறினவனை அதட்டுவதற்கு முன், அவன் இரவு ஷிப்டு வேலைக்குப் போகிறானா என்று விசாரிக்கத் தெரிய வேண்டும். எம்.ஏ. பட்டமும் எம்.எஸ்ஸி. பட்டமும் இவற்றில் ஒன்றையும் கற்றுத் தருவதில்லை.

அப்படியானால் யார் கற்றுத் தருவது? இதற்கு விடையும் அந்த மண்ணிலேயே இருக்கிறது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய பாராமகால் கம்பெனி கைக்கு வந்தபோது, காப்டன் அலெக்சாண்டர் ரீடு அதன் நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்டார். அவருக்குக் கீழே உதவியாளர்களாக வந்த இளைஞர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் கற்ற பாடம் எந்த மண்டபத்திலும் நடந்ததல்ல. ஊர் ஊராகப் போய், நிலத்தை அளந்து, குடியானவனிடம் பேசிப் பேசிக் கற்றார். பிற்காலத்தில் சென்னை கவர்னரான மன்றோவை உருவாக்கிய பள்ளிக்கூடம் அந்தப் பொட்டல்தான். கம்பெனியின் நோக்கம் வரி. அதை நாம் மறக்க வேண்டியதில்லை. பயிற்றுவித்த முறையை மட்டும் எடுத்துக்கொள்வதில் குற்றமும் இல்லை.

ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பொறுப்பேற்பவர் ரீடைப் போல இருக்க வேண்டும். இளம் ஆசிரியர்களை முதலில் தொழிற்சாலை வாசலுக்கும், பிள்ளைகள் புறப்பட்டு வரும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கும் அழைத்துப் போக வேண்டும். அதன் பிறகு தாம் ஒரு மாணவனோடு பேசுவதை அவர்கள் உடனிருந்து கவனிக்கச் செய்ய வேண்டும். அவர்கள் பேசுவதைத் தாம் கவனித்து, அவன் போன பிறகு எங்கே அவசரப்பட்டார்கள் என்று தனியே சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை எல்லோரும் கூடி, பெயரைச் சொல்லாமல், விடை தெரியாத சிக்கல்களை விவாதிக்க வேண்டும். இதற்குப் பெரிய கட்டிடம் வேண்டாம். வேண்டியது நேரம். வாரத்தில் இத்தனை மணி ஆலோசனைக்கு என்று பிரின்ஸிபால் ஒதுக்காவிட்டால், எத்தனை வாரப் பயிற்சி தந்தாலும் அது பழைய ஹார்வர்டுக் கையெழுத்தாகவே முடியும்.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பிள்ளைகளின் வழிகாட்டலைத் தன் வேலையாக ஏற்றுக்கொண்டது. மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசிரியர் என்று பங்கிட்டுப் பதிவேடு வைக்கும் வழக்கமும் கல்லூரிகளில் வந்துவிட்டது. பதிவேடு இருக்கிறது, அதில் எழுதுகிறவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது மிச்சம் இருக்கிறது.

தற்செயலுக்கு நாம் நன்றி சொல்வோம். அது நமக்கு ஒரு ராஜாஜியையும் ஒரு ராதாகிருஷ்ணனையும் தந்தது. ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு பெண்ணின் படிப்பைத் தற்செயலிடம் ஒப்படைப்பது நியாயமல்ல. ஆயிரம் மாணவருக்கு ஒருவராவது என்று 1966-ல் எழுதினார்களே, அந்த ஒருவரை முதலில் உருவாக்குவோம்.